பத்துக் குழிப் பலகை

பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டால் ஆலம்பட்டிப் பெண்களுக்குக் காய்ச்சல் வரக்கூட நேரம் இருக்காது. மேலூர்ப் பக்கம் எல்லா வயலும் ஒரே சமயத்தில் நாற்றுக் கேட்கும். அந்த வருடம் செல்லக்கிளியின் நடவுக் குழுவில் ஒன்பது பேர். பத்தாவது ஆளாக அவள் மகள் முத்துச்செல்வி வந்து சேற்றில் இறங்கியபோது யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் செல்லக்கிளிக்கு உறைத்தது. அவனியாபுரத்தில் கட்டிக் கொடுத்து ஏழு மாதமான பெண், வலது முன்கையில் துணிக்கட்டோடு அம்மா பக்கத்தில் குனிந்து நாற்று நட்டால், கேட்பதற்கா விஷயம் இல்லை?

முத்துச்செல்விக்கு இருபத்திரண்டு வயது. நடவில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது. இடது பக்கம் அம்மாவும் வலது பக்கம் அதே குழுவில் நடும் தங்கப்பொண்ணும் நின்றால், நூல் பிடித்தது மாதிரி நட்டுக்கொண்டே பின்னால் வருவாள். நடுவில் விட்டால்தான். தனியாக விட்டால் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து, வயலுக்குள்ளேயே வட்டம் போட்டு, நட்ட நாற்றின் மேலேயே வந்து நிற்பாள். வரப்பு வந்துவிட்டது என்று யாராவது சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வரப்பிலும் குத்துவாள். சின்ன வயதில் அதைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். வயசுக்கு வந்த பிறகு சிரிப்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

மத்தியானம் வரப்பில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தார்கள். பழைய சோறும் சுட்ட கருவாடும். முத்துச்செல்வி முள்ளை எடுக்கத் தெரியாமல் அம்மா கையைப் பார்த்தாள். செல்லக்கிளி யாரும் பார்க்காதபோது முள்ளெடுத்து மகள் சோற்றுக்குள் வைத்தாள். தங்கப்பொண்ணு பார்த்துவிட்டாள்.

"மதினி, இன்னும் எத்தன நாளைக்கு இப்படி ஒளிச்சு ஒளிச்சு ஊட்டுவ?"

"யாரு ஊட்டுனா? கையில காயம். அதான்."

"காயம் எப்படி வந்துச்சுன்னு ஊருக்கே தெரியும். கரண்டியக் காய வச்சு இழுத்துட்டா ஒன் சம்பந்தி. நீ ஸ்டேஷனுக்குப் போயிட்டு வந்ததும் தெரியும். என்ன சொன்னாக?"

செல்லக்கிளி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். ஸ்டேஷனில் நடந்தது அவளுக்கே இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. எஸ்.ஐ. அம்மா முதலில் மாப்பிள்ளை அருள்பாண்டியைத்தான் சத்தம் போட்டார். அவன் அவனியாபுரத்தில் லேத்துப் பட்டறையில் வேலை பார்ப்பவன். அதிர்ந்து பேசாதவன். அன்று தலையைக் குனிந்துகொண்டே பேசினான். "கிறுக்கியத் தலையில கட்டிட்டாங்களாடான்னு பட்டறையில கேக்குறாங்க மேடம். அப்படி எதும் இருந்து மறைச்சிருந்தா நான் கேஸ் குடுப்பேன். இல்ல, நல்ல பொண்ணுதான்னா ஒழுங்கா வாழச் சொல்லுங்க." அவன் அம்மா அன்னக்கொடி குறுக்கே விழுந்தாள். "கிறுக்கெல்லாம் இல்லைங்க. அம்புட்டும் திமிரு. கூப்புட்டா திரும்பாது. மோட்டாரப் போட்டுட்டு நின்னு ஏரோப்ளேன் பாக்கும். தெருவே தண்ணியில மெதக்கும்." எஸ்.ஐ. அம்மா முத்துச்செல்வியைப் பக்கத்தில் கூப்பிட்டு என்னென்னவோ கேட்டார். அவள் எல்லாவற்றுக்கும் சிரித்தாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, மதுரையில் ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு டெஸ்ட் எடுத்து வரச் சொன்னார். அதைப் பார்த்துவிட்டு மற்றதைப் பேசலாமாம்.

"டெஸ்டு எடுத்துட்டு வரச் சொல்லிட்டாக," என்றாள் செல்லக்கிளி.

"மகராசி நல்லா இருக்கட்டும். போயி எடு மதினி. எம் மீனாவுக்கு எடுத்தமே, அதே டெஸ்டுதான்."

தங்கப்பொண்ணுவின் மகள் மீனா ஒன்பதாவதோடு நின்றவள். பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டபோது டெஸ்ட் எடுத்து, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கொடுத்திருந்தார்கள். தங்கப்பொண்ணு அந்த அட்டைக்கு பிளாஸ்டிக் உறை போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருந்தாள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அவளே எடுத்துக் காட்டுவாள்.

"ஒனக்குத் தெரியும்ல, அவ அப்பன் அவள அடிச்ச அடி? ஒரு கணக்குக்கு ஒரு வேப்பங்குச்சி ஒடியும். டெஸ்டு எடுத்தன்னைக்கு அந்த டாக்டரம்மா ஒரே ஒரு வார்த்ததான் சொல்லுச்சு. 'இந்தப் பிள்ள செய்ய மாட்டேங்கலைங்க. செய்ய முடியல.' மனுசன் வெளிய வந்து பைக் நிறுத்துற எடத்துல குத்த வச்சு உக்காந்து அழுதாரு பாரு. அன்னையிலேருந்து கை வைக்கல. இப்ப அவருதான் தல சீவி விடுறாரு. எனக்கும் ஊருல எவ என்ன சொன்னாலும் ஒறைக்கிறதில்ல. ஆமா, எம் மகளுக்கு மூள மெதுவாத்தான் ஓடும், ஒனக்கென்னடின்னு கேட்ருவேன்."

"ஒன் மக கட்டிக் குடுக்காத பிள்ள. எம் மக அப்படியா? மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டான்னு காறித் துப்ப மாட்டாக?"

"மறைச்சது நெசந்தான?"

செல்லக்கிளி தூக்குவாளியை மூடினாள். மேற்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, வேறெதற்கோ கேட்பதுபோலக் கேட்டாள்.

"டெஸ்டுன்னா என்னதான் கேப்பாக?"

தங்கப்பொண்ணு வெள்ளந்தி. பயந்த மனுஷிக்குத் தைரியம் சொல்வதாக நினைத்து எல்லாவற்றையும் சொன்னாள். இன்றைக்கு என்ன கிழமை, ஆட்டுக்கும் மாட்டுக்கும் என்ன ஒற்றுமை, வீட்டில் தீப்பிடித்தால் என்ன செய்வாய், கீழே கிடக்கிற பை யாருடையது என்று தெரியாவிட்டால் என்ன செய்வாய். அப்புறம் ஒரு பலகை. அதில் பத்துக் குழி. வட்டம், சதுரம், நட்சத்திரம், சிலுவை என்று பத்துக் கட்டைகளையும் அந்தந்தக் குழியில் சீக்கிரமாகப் போட வேண்டும். டாக்டரம்மா கையில் கடிகாரம் வைத்துக்கொண்டிருக்கும்.

"மீனாவுக்கு அந்தப் பலகைன்னா உசுரு. இன்னமும் தரையில வரைஞ்சுக்கிட்டே இருப்பா."

அன்று சாயங்காலம் செல்லக்கிளி தங்கப்பொண்ணு வீட்டுக்குப் போய், மீனா சாணி மெழுகிய தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்திருந்த பத்து வடிவங்களையும் ஒரு பழைய காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் வரைந்துகொண்டு வந்தாள்.

செல்லக்கிளியின் புருஷன் மருது பல வருடம் கல்குவாரியில் உளி பிடித்தவன். குவாரி மூடிய பிறகு மேலூர் மார்க்கெட்டில் மூட்டை சுமக்கிறான். காலண்டர்த் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு?" என்றான்.

"ஆஸ்பத்திரியில இதத்தான் குடுப்பாகளாம். நீ செஞ்சு குடு. பிள்ள பழகிக்கிரட்டும்."

"அந்த ஆஸ்பத்திரிப் பேப்பரே வேணாங்குறேன். எழுதுனா எழுதுனதுதான். சாகுற வரைக்கும் அழியாது."

"அதான் நல்லதா எழுத வைக்கணும்ங்குறேன். இந்தா பாரு. பிள்ளைக்கு ஒன்னும் இல்லைன்னு கவர்மெண்டே எழுதிக் குடுத்துட்டா, நல்ல பிள்ளையவா சூடு வச்சீகன்னு அவுகளத்தான் ஸ்டேஷன்ல புடிச்சு உலுக்குவாக. நம்ம பிள்ள தலை நிமிந்து நம்ம வீட்டுலயே இருந்துக்கிரும். ஒரு பயலும் ஒன்னும் சொல்ல முடியாது."

மருது யோசித்தான். பரீட்சையில் தேறினால் நல்லது, தேறாவிட்டால் கெட்டது. அவர்கள் இருவருக்கும் தெரிந்த பரீட்சை அது ஒன்றுதான். உடைந்து கிடந்த பீரோக் கதவை எடுத்து வெளியே போட்டான்.

கல்லில் பழகிய கை. பலகையில் பத்துக் குழியும் முடி நுழையாத அளவுக்கு வந்தன. நட்சத்திரத்தின் ஐந்து முனையையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான், மகள் கையில் குத்தாமல் இருக்க. இரண்டு நாள் மார்க்கெட்டுக்குப் போகவில்லை.

முதல் நாள் முத்துச்செல்விக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சிலுவையை வட்டத்தின் மேல் வைத்து அமுக்கினாள். போகாததற்குச் சிரித்தாள். செல்லக்கிளி அவள் கையைப் பிடித்து ஒவ்வொரு குழியையும் விரலால் தடவ வைத்தாள். "இது நச்சத்திரம். மேல மொத எடம். இது செலுவ. அதுக்குப் பக்கத்துல." நாற்று நட விரலுக்குச் சொல்லிக் கொடுத்தது மாதிரிதான். கண்ணுக்குச் சொன்னால் ஏறாதது விரலுக்குச் சொன்னால் ஏறும் என்று அவளுக்குத் தெரியும். வயலிலிருந்து வந்து கால் சேறு காயும்முன் பலகையை எடுப்பார்கள். ஒன்பதாம் நாள் முத்துச்செல்வி கண்ணை மூடிக்கொண்டு பத்தையும் போட்டாள். படபடவென்று, புளியங்கொட்டை தட்டுவதுபோலச் சத்தம் வந்தது. மருது கைதட்டினான்.

கேள்விகள்தான் கஷ்டம். செல்லக்கிளி அதற்கும் வழி கண்டுபிடித்தாள். நடவு வரிசையில் மகள் பக்கத்தில் குனிந்துகொண்டே கேட்பாள்.

"ஆட்டுக்கும் மாட்டுக்கும்?"

"நாலு காலு. பாலு குடுக்கும்."

"வீட்டுல தீப்பிடிச்சா?"

"தண்ணி ஊத்தி, ஆளக் கூப்புடுவேன்."

"இன்னைக்கு என்ன கெழம?"

"வியாழக்கெழம."

அன்று செவ்வாய். ஆனால் டெஸ்ட் வியாழக்கிழமை. கிழமை பார்க்கச் சொல்லிக் கொடுப்பது நடக்காத காரியம் என்று செல்லக்கிளி அந்த ஒரு கிழமையை மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"எம்மா, எல்லாம் சரியாச் சொன்னா?" மகள் தினமும் கேட்பாள்.

"எல்லாம் சரியாச் சொன்னா நம்ம வீட்டுலயே இருக்கலாம். அங்க போக வேண்டாம்."

"கரண்டி?"

"கரண்டியும் வராது, ஒன்னும் வராது."

தங்கப்பொண்ணுவுக்கு இது நாலைந்து நாள் கழித்துத்தான் விளங்கியது. நட்டுக்கொண்டிருந்த நாற்று முடியைச் சேற்றில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "அடி பாவி மதினி! வைத்தியர்ட்ட போயி ஒருத்தி காச்சல ஒளிச்சு வைப்பாளா?"

"ஒன் வேலையப் பாரு. ஒன் மகளுக்குக் குடுத்த அட்டைய எம் மகளுக்கும் மாட்டிவிடணும்னு பாக்குறியா?"

தங்கப்பொண்ணு குனிந்து நாற்று முடியை எடுத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து வரிசையில் வேறு இடத்தில் நின்றாள். முத்துச்செல்விக்கு வலது பக்கம் ஆள் மாறியதால் வரிசை கோணியது.

ஆஸ்பத்திரியில் டெஸ்ட் எடுக்கிற அம்மாவின் பெயர் சத்யப்ரியா. கண்ணாடி போட்ட சின்னப் பெண். மேசையில் பாதி சாப்பிட்ட இட்லிப் பொட்டலம் ஈ மொய்க்க மூடிக் கிடந்தது. வெளியே பெஞ்சில் நாற்பது பேர். முதலில் செல்லக்கிளியைத் தனியாக உட்கார வைத்து மகளைப் பற்றிக் கேட்டாள். தானாகக் குளிப்பாளா? குளிப்பா. கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி மீதி வாங்கி வருவாளா? வாங்கி வருவா. தனியாக பஸ் ஏறுவாளா? ஏறுவா. எத்தனை வயதில் பேசினாள்? எல்லாப் பிள்ளையும் மாதிரிதான்.

"பொறந்தப்போ உடனே அழுதாளாம்மா?"

இருபத்திரண்டு வருடம் முந்திய ஒரு வயல் செல்லக்கிளியின் கண்ணுக்குள் வந்தது. நிறைமாதம். காலையிலேயே இடுப்பில் வலி எடுத்துவிட்டது. வரிசையில் பாதியில் ஏறினால் மற்றவர்களுக்கு ஆள் குறையும் என்று அந்தத் துண்டு முடிகிற வரைக்கும் நட்டாள். பிறகு மோட்டார் ரூமுக்குள்தான் பிள்ளை பிறந்தது. நீலமாக இருந்தது. அழவில்லை. யாரோ காலைப் பிடித்துத் தலைகீழாகத் தட்டினார்கள். அழுவதற்குள் ஒரு யுகம் போனது. அந்தத் துண்டு வயலை நட்டு முடித்ததுதான் பிள்ளையின் தலையில் விடிந்தது என்று அவளுக்குத் தெரியும். மருதுவிடம்கூட அவள் வலி எடுத்த நேரத்தைச் சொன்னதில்லை.

"வீல்னு அழுதா டாக்டரம்மா. ஊரே கேட்டுச்சு."

பிறகு முத்துச்செல்வியை உள்ளே கூப்பிட்டார்கள். செல்லக்கிளி கதவுக்கு வெளியே நின்று காதைக் கொடுத்தாள். மகளின் குரல் வகுப்பில் பாட்டு ஒப்பிக்கிற குழந்தையின் குரல் மாதிரிக் கேட்டது. நாலு காலு, பாலு குடுக்கும். அப்புறம் அந்தப் படபடச் சத்தம். பத்தும் விழுந்துவிட்டன. செல்லக்கிளி அழகர்கோவில் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். அதன் பிறகு உள்ளே நீண்ட நேரம் சத்தமே இல்லை. தங்கப்பொண்ணு சொல்லாத கேள்விகளும் இருந்திருக்கின்றன.

சத்யப்ரியா வெளியே வந்தபோது முகம் தெளிவாக இல்லை. "சிலது நல்லாப் பண்றா. சிலது சுத்தமா வரல. இப்படி வராதே. வீட்டுல எதாவது சொல்லிக் குடுத்தீங்களாம்மா?"

"நாங்க படிக்காதவுக. எங்களுக்கு என்னம்மா தெரியும்?"

நல்லெண்ணமுள்ள பெண்தான். நாற்பது பேர் பெஞ்சில் இருந்தார்கள். அவள் எழுதிய தாளில் முதல் வரியில், சராசரிக்குச் சற்றுக் கீழே, ஆனாலும் இயல்பு வரம்புக்குள் என்று இருந்தது. கடைசி வரியில், முடிவுகள் ஒன்றுக்கொன்று பொருந்தாததால் வேறு முறையில் மறுபடி பார்க்க வேண்டும் என்று இருந்தது. எல்லாம் இங்கிலீஷில்.

பஸ் ஸ்டாண்டில் செல்லக்கிளி மகளுக்குப் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தாள். "பாஸாயிட்டேனா?" என்று கேட்டாள் முத்துச்செல்வி. மேல் உதட்டில் பால் மீசை.

"பாஸாயிட்ட ஆத்தா."

ஸ்டேஷனில் எஸ்.ஐ. அம்மா முதல் வரியைப் படித்தார். முத்துச்செல்வியை ஒரு தரம் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். "நார்மல்னு வந்துருக்கு," என்றார். அவர் குரலில் சந்தேகம் இருந்தது. ஆனால் அவர் படித்த முதல் வரியில் இல்லை. வாசலில் வேறு ஒரு கூட்டம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

அன்னக்கொடிதான் முதலில் வாயைத் திறந்தாள். "நான் அன்னைக்கே சொன்னேன்ல? கிறுக்கெல்லாம் ஒன்னும் இல்ல."

"அப்ப சூடு வச்சது தப்புதான?" என்றான் மருது. ஏழு மாதத்தில் அவன் அவர்கள் முன்னால் பேசியது அந்த ஒன்றுதான்.

"தப்புதான். கால்ல வேணா விழுறேன். இனிமே கை வைக்கலைன்னு எழுதிக் குடுக்குறேன். அதுக்காக நல்லா இருக்குற பொண்ணு எதுக்குங்க புருசன விட்டுட்டு ஆத்தா வீட்டுல நாத்து நடணும்? நீங்களே சொல்லுங்க மேடம்."

அருள்பாண்டி முகத்தில் பல நாள் கழித்துக் கொஞ்சம் வெளிச்சம் வந்திருந்தது. "ஒன்னும் இல்லைன்னு தெரிஞ்சதே போதும் மேடம். நான் பாத்துக்கிறேன்."

எழுதினார்கள். அவன் கையெழுத்துப் போட்டான். மருது கைநாட்டு வைத்தான். செல்லக்கிளி என்ன சொல்ல முடியும்? வாயைத் திறந்தால் தாள் பொய்யாகிவிடும். தாள் பொய்யென்றால் இருபத்திரண்டு வருடமும் வெளியே வந்துவிடும். அவள் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். முத்துச்செல்வி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஷேர் ஆட்டோவில் ஏற்றியபோதுதான் அவளுக்கு விளங்கியது.

"எம்மா, எல்லாம் சரியாச் சொன்னேன்ல?" என்று ஆட்டோவுக்குள்ளிருந்து கத்தினாள். "எம்மா, எது தப்பு? எதத் தப்பாச் சொன்னேன்?"

ஸ்டேஷனுக்கும் கூடவே தூக்கி வந்திருந்த பலகையை மடியில் வைத்திருந்தாள். அதை மட்டும் யாரும் பிடுங்கவில்லை.

மூன்று வாரம் போனது. நடவு முடிந்து களையெடுப்புத் தொடங்கியது. அருள்பாண்டிக்கு ஃபோன் போட்டால் "நல்லாருக்கா" என்பான். மகளிடம் கொடுக்கச் சொன்னால் அவள் அந்தப் பக்கம் மூச்சு மட்டும் விடுவாள். ஒரு நாள் களை பிடுங்கிக்கொண்டிருந்த செல்லக்கிளி பயிரையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டே போனாள். தங்கப்பொண்ணு வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"மதினி. போயி உண்மையச் சொல்லு. டெஸ்டு எடுக்குற வியாழக்கெழம நாளைக்குத்தான்."

மறுநாள் ஆஸ்பத்திரிக்குத் தங்கப்பொண்ணுவும் கூட வந்தாள். பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போனதும் செல்லக்கிளி உட்காரவே இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பலகை, கேள்விகள், வியாழக்கிழமை. கடைக்குப் போகத் தெரியாது, பஸ் ஏறத் தெரியாது, கருவாட்டில் முள் எடுக்கத் தெரியாது. கடைசியில் அந்தத் துண்டு வயலையும் சொன்னாள்.

சத்யப்ரியா பேனாவை வைத்துவிட்டாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"இத இத்தன வருசமா யார்கிட்டயும் சொல்லலையா?"

"எப்படிச் சொல்ல? நானே பிள்ள மூளையக் கெடுத்துட்டேன்னு என் வாயால சொல்லச் சொல்றியா தாயி?"

"அம்மா, இங்க பாருங்க. மூச்சு முட்டுனதுனாலயும் இருக்கலாம். பொறக்குறதுக்கு முன்னாடியே இருந்துருக்கலாம். யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா நீங்க நாத்து நட்டதுனால இல்ல. அது ஒங்க குத்தம் இல்ல. அவ குத்தமும் இல்ல. அவ செய்ய மாட்டேங்கல. அவளால முடியல, அவ்வளவுதான்."

செல்லக்கிளி அப்போதுதான் உட்கார்ந்தாள். தங்கப்பொண்ணு சொன்ன அதே வார்த்தைதான். வயலில் கேட்டபோது காதோடு போனது, இப்போது உள்ளே இறங்கியது. இருபத்திரண்டு வருடமாகக் குனிந்தே இருந்த முதுகை யாரோ தடவிக் கொடுத்ததுபோல இருந்தது. அவள் அழவில்லை. "அப்ப சரி," என்றாள். "அப்ப சரிம்மா. இத அப்படியே எழுதிக் குடு."

"நான் சும்மா எழுத முடியாது. வேற டெஸ்ட் வச்சு மறுபடி பாக்கணும். இந்தத் தடவ நானே ரெண்டு மணி நேரம் ஒதுக்குறேன். அடுத்த வியாழக்கெழம அவளக் கூட்டிட்டு வாங்க. அவ வராம ஒன்னும் பண்ண முடியாதும்மா."

சீட்டில் தேதி போட்டுக் கொடுத்தாள். ஆஸ்பத்திரி வாசலிலேயே தங்கப்பொண்ணு, "மீனா தனியா இருப்பா, நான் ஊருக்குப் போறேன். நீ இப்பவே அவனியாபுரம் போ மதினி, தள்ளிப் போடாத," என்று ஷேர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினாள்.

அவனியாபுரத்தில் அந்தச் சந்து முழுக்கப் பட்டறைகள். இரும்பு அரைக்கிற சத்தத்துக்கு மேலே ஒரு விமானம் தாழ்வாகப் போனது. அன்னக்கொடி வாசலில் உட்கார்ந்து சுண்டக்காய் தட்டிக்கொண்டிருந்தாள். செல்லக்கிளியைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க சம்பந்தி," என்று முறைக்குச் சொல்லி, செம்பில் தண்ணீர் கொடுத்தாள். முத்துச்செல்வி உள்ளே மூலையில் பலகையோடு உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்தும் எழவில்லை. பழைய கட்டு இருந்த இடத்துக்கு மேலே, முழங்கைப் பக்கம், புதிதாக ஒரு கோடு கறுத்திருந்தது.

செல்லக்கிளி சீட்டை எடுத்து நீட்டினாள். வழி முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்ததைச் சொன்னாள். டெஸ்ட் பொய். நான்தான் சொல்லிக் கொடுத்தேன். பலகைகூட வீட்டில் செய்தது. அவளால் முடியாது. மறுபடி பார்க்க வேண்டும், ஒரு நாள் அனுப்புங்கள்.

அன்னக்கொடி கேட்டுக்கொண்டே வந்தாள். சுண்டக்காய் தட்டிய கல்லைக் கீழே வைத்தாள்.

"சம்பந்தி, எங்கூடப் பொறந்தவன் ஒருத்தன் இருந்தான், முத்திருளன்னு. அவனுக்கு சுத்தமா ஒன்னும் தெரியாது. முப்பது வயசு வரைக்கும் நான்தான் சோறு ஊட்டுனேன். பீ மூத்திரம் அள்ளுனேன். ஒரு நாளு மொகஞ்சுளிச்சது இல்ல. அவனால முடியாது, பாவம். இவளும் முடியாத பிள்ளைன்னு கட்டிக் குடுக்கும்போதே சொல்லிருந்தா நான் தொட்டிருப்பனா? மனசாட்சியத் தொட்டுச் சொல்றேன், மடியில போட்டு வச்சிருப்பேன். நல்லாத்தான் இருக்கான்னு நீங்க சொன்னீக. கவர்மெண்டு சொல்லுச்சு. எழுதிக் குடுத்துருக்கு. எல்லாம் தெரிஞ்சும் செய்ய மாட்டேன்னு ஒருத்தி ஒக்காந்தா ஒரு மனுசிக்கு எம்புட்டுப் பொறும இருக்கும்?"

"தெரியாது சம்பந்தி. அவளுக்குத் தெரியாது. சத்தியமாச் சொல்றேன்."

"இப்ப மகளக் கூட்டிட்டுப் போகணும். அதுக்குத் தெரியாதுங்குறீக. அன்னைக்குக் கட்டிக் குடுக்கணும், தெரியும்னீக." அன்னக்கொடி மகனுக்கு ஃபோன் போட்டாள். பட்டறைச் சத்தத்துக்கு நடுவே அருள்பாண்டி கத்தியது செல்லக்கிளிக்கே கேட்டது. "மறுபடியும் டெஸ்டா? ஒரு தடவ ஊரு சிரிச்சது போதும். ஒன்னும் இல்லைன்னு எல்லார்ட்டயும் அந்தப் பேப்பரக் காட்டிட்டேன். எங்கயும் அனுப்பாத."

"நீங்களே கேட்டுப் பாருங்க," என்றாள் செல்லக்கிளி. அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. "எதாச்சும் கேளுங்க. அவளுக்குத் தெரியாது."

அன்னக்கொடி உள்ளே திரும்பினாள். "ஏத்தா, இன்னைக்கு என்ன கெழம?"

முத்துச்செல்வி நிமிர்ந்தாள். பலநாள் கழித்து ஒருத்தர் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். அம்மாவும் வந்திருக்கிறாள்.

"வியாழக்கெழம," என்றாள்.

வியாழக்கிழமைதான்.

செல்லக்கிளி அவள் பக்கத்தில் போய் மண்டியிட்டாள். "ஆத்தா, அது வேணாம். முந்தாநாள் என்ன கெழம? சொல்லு. தெரியாதுன்னு சொல்லுத்தா. தெரியாட்டித் தெரியாதுன்னு சொல்லு."

முத்துச்செல்வி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கேள்வி அவர்கள் நட்ட வயலில் இல்லை. பேசாமல் இருந்தாள்.

"பாத்தீகளா, கண்ணக் காட்டுனதும் வாய மூடிக்கிட்டா," என்றாள் அன்னக்கொடி. குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது. "ஆத்தாளும் மகளும் நல்லாத்தான் பழகி வச்சிருக்கீக."

அம்மா அழுவதைப் பார்த்ததும் முத்துச்செல்விக்குப் பயம் வந்தது. போன தடவை எதையோ தப்பாகச் சொல்லிவிட்டாள். அதனால்தான் ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள். இந்தத் தடவை அப்படி ஆகக் கூடாது. யாரும் கேட்பதற்கு முன்னால் அவளே தொடங்கினாள்.

"நாலு காலு. பாலு குடுக்கும். தீப்பிடிச்சா தண்ணி ஊத்தி, ஆளக் கூப்புடுவேன். பை கெடந்தா எடுத்து போலீசுல குடுப்பேன்."

"வேணாம் ஆத்தா. நிறுத்து."

"ஏழு நாளு. பன்னெண்டு மாசம்."

பலகையைக் கவிழ்த்தாள். பத்துக் கட்டைகளும் தரையில் சிதறின. கண்ணை மூடிக்கொண்டாள். நட்சத்திரம், சிலுவை, வட்டம், அரைவட்டம். படபடவென்று விழுந்தன. ஒன்றுகூடத் தவறவில்லை. அன்னக்கொடி வாசற்படியில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிக் கட்டையை அமுக்கிவிட்டு முத்துச்செல்வி கண்ணைத் திறந்தாள். இத்தனை நாளில் இவ்வளவு வேகமாக அவள் போட்டதே இல்லை.

எழுந்து போய் ஆணியில் கிடந்த மஞ்சப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். வாசலில் செருப்பைத் தேடி, இடது வலது மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"போவமா எம்மா?" என்றாள்.